மீச வச்ச பொட்டுக்கெண்ட

இந்தக் குடத்து மேல கைய வச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி, நான் இப்ப சொல்லப்போறதுல ஒரு வார்த்த பொய் கெடையாது. பொய்யா இருந்தா உள்ள இருக்க தண்ணி இந்த நிமிசமே பாலா மாறட்டும். இருங்க, துணிய வெலக்கிப் பாப்போம். பாத்தியளா? தண்ணிதான். அப்ப நிசம். இன்னும் கதைய ஆரம்பிக்கவே இல்லியேன்னு கேக்காதிய. முன்னாடியே நிசம்னு முடிவாயிட்டுன்னா கேக்குதவங்களுக்கு ஒரு நிம்மதில்லா.

கால கொஞ்சம் ஒதுக்குங்க, குடம் உக்காரணும். நீங்க எங்க போறிய? கடைசி ஸ்டாப்பா? அப்ப மூணுமுக்கு தாண்டித்தான் போவிய. நல்லதாப் போச்சு. ஏன் நல்லதுன்னு பொறவு சொல்லுதேன்.

எம்பேரு வண்டிமலை. ஊரு கல்லடிப்பொத்தை, மலையடிவாரம். படிப்பு அஞ்சாப்பு. அஞ்சாப்புலயே மூணு வருசம் இருந்தேன், அதனால கணக்குப்படி பாத்தா ஏழாப்பு. எங்க ஊருல புலிப்பாஞ்சான் ஓடைன்னு ஒண்ணு ஓடுது. புலி பாஞ்சத யாரும் பாக்கல. பாத்தவன் இருந்தா வந்து சொல்லிருப்பான்லா, ஒருத்தனும் வரல, அத வச்சுத்தான் பாஞ்சிருக்குன்னு முடிவு பண்ணுனாங்க.

அந்த ஓடையில ஒரு மீனு. பொட்டுக்கெண்டன்னு சொல்லுவோம். என் சுண்டுவெரல் நீளம். வாலுக்கு முன்னாடி ஒரு கருப்புப் பொட்டு. வறுத்துத் தின்னா பல்லுச் சந்துலயே தங்கிரும், வயித்துக்குத் தகவல் போவாது. அந்த மீனாலதான் எந்தங்கச்சி ஒம்பது வருசமா எங்க வீட்டுக்கு வரல.

எங்க ஆளுங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு அண்ணாச்சி. பொண்ணக் கட்டிக் குடுத்த வீட்டுல புதுக் கெணறு வெட்டுனா, பொறந்த வீட்டு ஆம்பள, அண்ணனோ தம்பியோ, பொறந்த ஊரு ஓடையில மீனு புடிச்சு ஒரு குடத்துல கொண்டு போயி அந்தக் கெணத்துல விடணும். சீர்மீனுன்னு சொல்லுவோம். அந்தப் பொண்ணு காலத்துக்கும் எறைக்குத தண்ணியில அவ ஊரு மீனு நீந்திக்கிட்டு இருக்கணும். நீந்துச்சுன்னா பொறந்த வீடு இருக்குன்னு அர்த்தம். கொசுப் புழுவையும் திங்கும். ஒரே மீனு, ரெண்டு வேல.

முப்பிடாதின்னு எனக்கு ஒரே தங்கச்சி. அப்பா அம்மா கெடையாது, நானும் அவளுந்தான். நெடுவாய்க்கால்பட்டியில தளவாயிக்குக் கட்டிக் குடுத்தேன். நல்ல பய. மீச மட்டும் கொஞ்சம் அதிகம். ஆளு வந்து நிக்கதுக்கு முன்னாடி மீச வந்து நிக்கும். அவன் ஒம்பது வருசத்துக்கு முன்னாடி புதுக் கெணறு வெட்டுனான். ‘மச்சான், சீர்மீனு கொண்டாங்க’ன்னு ஆளு விட்டான்.

காலையிலயே ஓடையில எறங்கி நாப்பது மீனு புடிச்சேன். எண்ணித்தான் போட்டேன். நாப்பதும் குடத்துக்குள்ள ஓட்டப்பந்தயம் வைக்கு. இதே குடம். இதே ரூட்டு பஸ்ஸு. மூணுமுக்குல பத்து நிமிசம் நிக்கும். டீ குடிக்க எறங்குனேன்.

டீ. என் மூஞ்சிய அப்படிப் பாக்காதிய, டீதான். டீக்கடைக்கு எதுத்தாப்புல இன்னொரு கடை இருந்துச்சு, அது என் தப்பா? அங்க எங்க ஊருக்காரரு ஒருத்தரு நின்னாரு. ஊருக்காரரக் கண்டா ரெண்டு வார்த்த பேசணுமா வேண்டாமா? பேசுனோம். பஸ்ஸு போயிட்டு. அதுக்கு என்ன அவசரமோ. அடுத்த பஸ்ஸு மூணு மணிக்கு. சரி, இருக்க நேரத்துல இன்னும் ரெண்டு வார்த்த பேசுனோம். குடம் வெளிய வெயில்ல இருந்துச்சு. அந்தக் கடைக்குள்ள குடத்த விட மாட்டாங்க.

மூணு மணிக்கு வந்து பாத்தா நாப்பது மீனும் தூங்குது. அசதி. மல்லாக்கப் படுத்து, வயிறு வானத்தப் பாக்க, நாப்பதும் ஒரே மாதிரி. பயணம் ஒத்துக்கல.

நெடுவாய்க்கால்பட்டி விலக்கு ஸ்டாப்புல எறங்குனா, ஊருக்குள்ள நொழையதுக்கு முன்னாடி ஒரு வாய்க்கா போவுது. அங்க நின்னு குடத்துத் தண்ணிய மாத்துனேன். சூடாயிருந்துச்சுல்லா. தண்ணி மாத்தும்போது பழைய மீனுல கொஞ்சம் வெளிய போவும், புதுசுல கொஞ்சம் உள்ள வரும். தண்ணி மாத்துனா அப்படித்தான். துண்ட விரிச்சு ஒரு நாலு தடவ அரிச்சேன். தண்ணி மாத்துததுக்கு துண்டு எதுக்குன்னு கேக்கியளா? நீங்க வக்கீலா அண்ணாச்சி?

கெணத்தடியில ஊரே நிக்கு. கொலவ போட்டாச்சு. நான் குடத்தச் சாய்ச்சேன். மீனெல்லாம் துள்ளிக்கிட்டு எறங்குச்சு. தளவாயி குனிஞ்சு பாத்தான். மீச தண்ணியில பட்டுரும் போல அவ்வளவு குனிஞ்சான்.

‘மச்சான், இது எங்க வாய்க்கா மீனுல்லா?’ன்னான்.

எனக்கு வந்துச்சே கோவம். ‘மீனு மூஞ்சியப் பாத்தே ஊரு சொல்லுதீரோ மாப்ள? ரேஷன் கார்டு கேட்டுப் பாரும்’னேன்.

‘காலையில கெளம்புன ஆளு பொழுது சாயப்போற நேரத்துல வந்து நிக்கீரு. வேட்டியில சேறு. துண்டு ஈரம். எவன்கிட்ட கத விடுதீரு?’

‘மனுசன் வேர்க்க மாட்டானா?’

‘சேறாவா வேர்க்கும்?’

அதனால சத்தமாப் பேசுனேன். அவனும் பேசுனான். கடைசியில ஊரு முன்னாடி கையடிச்சுச் சொல்லிட்டான். ‘உம்ம ஓடை மீனு என்னைக்கு இந்தக் கெணத்துக்கு வருதோ, அன்னைக்குத்தான் இவ உம்ம வீட்டு வாசப்படிய மிதிப்பா’ன்னு.

முப்பிடாதி கிட்ட வந்தா. ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டு, ‘அண்ணே, வாய மூடிக்கிட்டுப் பேசு’ன்னா. வாய மூடிக்கிட்டு எப்படிப் பேச முடியும்? அதான் பேசாம வந்துட்டேன்.

மறுநாளே இன்னொரு குடம் புடிச்சுக் கொண்டு போயிருக்கலாமேன்னு நீங்க நெனைக்கிய. எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. ரெண்டாந்தடவ கொண்டு போனா மொதத் தடவ கொண்டு போவலன்னு ஆயிருமா ஆவாதா? யோசிக்கணும். நான் யோசிச்சேன். ஒம்பது வருசம் யோசிச்சேன்.

எங்க ஊருக் கோயில் கொடைக்கு கட்டிக்குடுத்த பொண்ணுங்க எல்லாம் பையத் தூக்கிக்கிட்டு வந்து எறங்கும். வீட்டுக்கு வீடு சத்தமாக் கெடக்கும். எங்க வீட்டுல நானும் கோழியும். ரெண்டு வருசத்துக்குப் பொறவு கோழியும் இல்ல. கொடைக்கு வேற என்ன செய்ய?

போன தை மாசம் எங்க ஊருக்கு ஒரு டீச்சரம்மா வந்தாவ. ஜெசிந்தா டீச்சர். காலேசுல மீனுக்கு டீச்சர். மீனுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்காவளோன்னு நெனச்சேன், இல்ல, மீனப் பத்திப் பயலுவளுக்குச் சொல்லிக் குடுக்காவ. ஓடையில எறங்க ஆளு வேணும்னாவ. நான் சும்மாதான் இருந்தேன். சும்மா இருக்கதுல எனக்கு நல்ல அனுபவம்.

நான் வலையில மீனப் புடிச்சுக் குடுப்பேன். டீச்சர் அத ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியில விட்டு, லென்ஸ வச்சு, பல்லு டாக்டரு மாதிரி பாப்பாவ. பக்கவாட்டுல ஒரு கோடு போவுது, அந்தக் கோட்டுல எத்தன செதிலுன்னு எண்ணுவாவ. இருவத்தி மூணு. அடுத்த மீனு. இருவத்தி மூணு. எனக்குக் கடுப்பாயிட்டு. ‘டீச்சர், எல்லாம் ஒரே தாயி புள்ளைங்க, ஒண்ண எண்ணுனாப் போதாதா’ன்னேன். சிரிச்சாவ, ஆனா எண்ணுதத விடல. பொறவு வாய்கிட்ட லென்ஸக் கொண்டு போயி, ‘வண்டிமலை, இங்க பாருங்க, மீசை’ன்னாவ. நெசமாவே அண்ணாச்சி, வாயோரத்துல ரெண்டு முடி. இத்தன வருசமா அந்த மீனப் பாக்கேன், மீச வச்சிருக்கது எனக்குத் தெரியாது. நமக்குத் தெரியாம நம்ம ஊருலயே ஒருத்தன் மீச வச்சிருக்கான்.

ஒத்தப் பொட்டு. ரெண்டு மீச. இருவத்தி மூணு செதிலு. இது மூணும் இருந்தாத்தான் அது பொட்டுக்கெண்ட. டீச்சரு அதுக்கு இன்னொரு பேரும் சொன்னாவ, வெளிநாட்டுப் பேரு, வாயில சோத்த வச்சுக்கிட்டுப் பேசுத மாதிரி இருக்கும். நான் சொல்லிப் பாத்தேன். எச்சி தெறிச்சுது. விட்டுட்டேன்.

மீனு எதுன்னு தெரிஞ்சாப் போதாதாம், எங்கேருந்து எங்க வரைக்கும் இருக்குன்னும் தெரியணுமாம். ஓடையில ஒரு வளைவு விடல. மேல அருவி. அதுல மீனு ஏற முடியாது. கீழ பாலம். பாலத்துக்குக் கீழ தண்ணி சோம்பேறியாப் போவும், சேறு. அங்க ஒண்ணு கூட இல்ல. நடுவுல மூணு மைலு. ‘நாம பாத்தவரைக்கும் ஒலகத்துலயே இந்த மூணு மைல்தான் இந்த மீனுக்குச் சொந்த எடம்’னாவ. ஒலகத்துலயே! எங்க பஞ்சாயத்தே நாலு மைலு.

பேப்பருல ஓடைய வரைஞ்சு, செவப்புல கோடு போட்டு, ‘வேற எங்கயாவது இத பாத்திருக்கீங்களா வண்டிமலை?’ன்னு கேட்டாவ.

‘இருக்கு டீச்சர். நெடுவாய்க்கால்பட்டியில எந்தங்கச்சி வீட்டுக் கெணத்துல. நானே விட்டேன்.’

டீச்சருக்கு மூஞ்சி மாறிட்டு. ‘விட்டீங்களா?’

‘நாப்பது.’

‘ஐயோ. தானா இருக்குற எடம் வேற, மனுசன் கொண்டு விட்ட எடம் வேற. ரெண்டையும் கலந்துட்டா இந்த மேப்பே தப்பாயிரும். அந்தக் கெணத்தப் பாக்கணுமே.’

எனக்கு அப்பத்தான் ஓடுச்சு அண்ணாச்சி. படிச்ச ஆளு. கையில லென்ஸு. அவங்க வாயால, ‘ஆமா, இது வண்டிமலை ஊரு மீனுதான்’னு சொல்லிட்டா தளவாயி என்ன செய்வான்? மீசையத்தான் தடவணும். நாப்பதுல ஒண்ணு ரெண்டாவது தூக்கம் கலைஞ்சு எந்திரிச்சிருக்காதா?

போன மாசம் கூட்டிட்டுப் போனேன். கெணத்தடியில முப்பிடாதி தண்ணி எறைச்சுக்கிட்டு நின்னா. ஒம்பது வருசம். முன்னந்தலையில நரை தட்டிட்டு. என்னயப் பாத்துட்டு கயித்த விடல, கயித்தப் புடிச்சுக்கிட்டே, ‘மெலிஞ்சு போயிட்டியேண்ணே’ன்னா. நான் மெலியல. சட்டதான் பெருசு. ஆனா அத அவகிட்ட எடுத்துச் சொல்லாம, கயித்த வாங்கி நானே ஒரு வாளி எறைச்சேன்.

தளவாயி வந்தான். மீச வெள்ளையாயிட்டு, ஆனா அளவு கொறையல. ‘என்னவே மச்சான், சாட்சியெல்லாம் கூட்டிட்டு வந்திருக்கீரு’ன்னான். அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க கூடிட்டாங்க. நான் வாளியில சோத்து உருண்டையப் போட்டு எறக்கி அஞ்சு மீனு எடுத்தேன். டீச்சர் லென்ஸ எடுத்தாவ. எண்ணுனாவ. திரும்ப எண்ணுனாவ. என் அனுபவத்துல படிச்சவங்க திரும்ப எண்ணுனா நமக்கு நல்லதில்ல.

‘ரெண்டு பொட்டு. மீசை இல்ல. செதில் இருவத்தாறு. இது வாய்க்கால் கெண்டை வண்டிமலை. இங்கேருந்து கடலோரம் வரைக்கும் எல்லாக் குளத்துலயும் இருக்கறதுதான்.’

‘மழிச்சிருக்குமோ டீச்சர்?’ன்னு கேட்டேன்.

பொம்பளைங்க சிரிச்ச சிரிப்புல வாளியில இருந்த மீனு மெரண்டுட்டு. தளவாயி சிரிக்கல. மீசைய முறுக்குனான். டீச்சர் நோட்டுல எழுதுனாவ. எட்டிப் பாத்தேன், எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ‘வாய்க்கால் கெண்டை, அஞ்சு. பிடித்துக் கொடுத்தவர்: வண்டிமலை.’ என் பேரு மொதத் தடவையா படிச்சவங்க நோட்டுல ஏறுது. எதுல ஏறுதுன்னு பாருங்க.

அப்ப முப்பிடாதி கேட்டா. மெதுவாத்தான் கேட்டா. ‘டீச்சர், எங்க ஓடை மீன இந்தக் கெணத்துல விட்டா அது பொழைக்குமா?’

டீச்சர் சொன்னாவ, ‘பொழைக்காதும்மா. அதுக்கு ஓடுற தண்ணி வேணும், குளிர்ச்சி வேணும், கூழாங்கல்லு வேணும். நின்ன தண்ணியில ரெண்டு நாளு தாங்கினா அதிகம்.’

தளவாயி முறுக்குதத நிப்பாட்டிட்டான். ‘அதெப்படி? எங்க பழைய கெணத்துல என் தாய்மாமா கொண்டாந்த சீர்மீனு அம்பது வருசமா நிக்கே! எங்கம்மாவும் கல்லடிப்பொத்தைதான். பதினாறு மைலு, உச்சி வெயிலு, தலையில குடத்தோட நடந்தே கொண்டாந்த மனுசன் அவரு. இந்த மச்சான மாதிரி பஸ்ஸுல வந்தவரில்ல.’

‘அப்ப அதையும் பாத்துருவோமே’ன்னா முப்பிடாதி. இதையும் மெதுவாத்தான் சொன்னா. ஒம்பது வருசமா சொல்லுததுக்கு வச்சிருந்த மாதிரி இருந்துச்சு.

பழைய கெணத்துலயும் நாந்தான் வாளி விட்டேன். ஏழு மீனு. டீச்சர் எண்ணுனாவ. ஊரே சுத்தி நிக்கு. ரெண்டு பொட்டு. மீசை இல்ல. இருவத்தாறு.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, ‘எங்க வீட்டுக் கெணத்தையும் பாருங்க’ன்னா. பாத்தாவ. அதுவும் இருவத்தாறு. இன்னொருத்தி கேக்க வந்தா, அவ மாமியா கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டா. அண்ணாச்சி, நீங்க வெளியூரு, உங்ககிட்ட சொல்லுததுல தப்பில்ல. பரம்பரையா எல்லாரும் தண்ணி மாத்திருக்கோம்.

டீச்சருக்கு மட்டும் ஒரே சந்தோசம். செவப்புக் கோடு மூணு மைலு அப்படியே நிக்குல்லா. என் கையப் புடிச்சுக்கிட்டு, ‘நல்லவேளை நீங்க அந்த மீனக் கொண்டு வரல வண்டிமலை’ன்னாவ. அதுக்குப் பாராட்டுன ஒரே ஆளு அவங்கதான். ‘இனிமேலும் யாரும் அத ஓடைய விட்டு வெளிய எடுக்கக் கூடாது’ன்னும் கண்டிசனாச் சொல்லிட்டாவ.

இப்ப தளவாயி நெலமைய யோசிச்சுப் பாருங்க. ஊரு முன்னாடி கையடிச்சவன். மீனு வந்தாத்தான் பொண்டாட்டி போவான்னு சொன்னவன். மீனு வரக்கூடாதுங்காவ, வந்தாலும் சாவுங்காவ, தாய்மாமா வேற இப்படி ஆயிட்டாரு. கெணத்துச் சொவத்துல உக்காந்துட்டான். முப்பிடாதி அவனுக்கு ஒரு செம்புத் தண்ணி குடுத்தா. குடிச்சான். செம்பையே பாத்தான்.

‘மச்சான்’னான். ‘மீனு வேண்டாம். அது நீந்துன தண்ணி ஒரு குடம் வரட்டும். நீரே கொண்டாரணும். தண்ணியாவது ஒழுங்காக் கொண்டாந்து ஊத்தும். ஊத்துன கையோட இவளக் கூட்டிட்டுப் போம்.’

டீச்சருகிட்ட கேட்டோம். தண்ணி கொண்டு போலாம், துணியில வடிகட்டி எடுங்க, மீனு முட்ட கிட்ட கூடப் போயிராமன்னாவ.

நான் கெளம்பும்போது முப்பிடாதி விலக்கு வரைக்கும் வந்தா. பஸ்ஸு வந்துட்டு. ஏறப் போறேன், அப்பச் சொல்லுதா, ‘அண்ணே, மூணுமுக்குல மட்டும் எறங்காத.’

எவ்வளவு நாளாத் தெரியும் அவளுக்கு? நான் கேக்கல. பஸ்ஸு எடுத்துட்டான்.

வார செவ்வாக்கெழம எங்க ஊருக் கொட. இன்னைக்கு வெள்ளி. அவ பையக் கட்டி வச்சிட்டாளாம், பக்கத்து வீட்டுக்காரி போன் போட்டுச் சொன்னா. வீட்டுக்கு வெள்ளையடிச்சிருக்கேன். கோழி ஒண்ணு வாங்கி விட்டிருக்கேன், அதுகிட்ட இன்னும் விசயத்தச் சொல்லல.

இதுல ஒண்ணு கவனிச்சியளா அண்ணாச்சி? தண்ணிக்குப் பொட்டு கெடையாது. மீச கெடையாது. எண்ணுததுக்கு ஒரு செதிலு கெடையாது. டீச்சரே லென்ஸ வச்சுப் பாத்தாலும் இது ஓடைத் தண்ணியா வாய்க்காத் தண்ணியான்னு சொல்ல முடியாது. வெறுங்குடத்தோட வந்து, விலக்குல எறங்கி, வாய்க்கால்ல மொண்டுக்கிட்டுப் போயிருக்கலாம். தோளாவது மிச்சம். ஆனா விடியவும் அருவிக்குக் கீழ போயி, மீச வச்சவன் நாலு பேரு என் கால மொய்க்க, நல்ல வேட்டியில வடிகட்டி, ரெண்டு மைலு சொமந்து பஸ்ஸு ஏறிருக்கேன். ஏன்னு கேக்காதிய. எனக்கே தெரியல. கிறுக்குப் புடிச்சிருக்கும்.

அந்தா, மூணுமுக்கு. டிரைவர் எறங்கிட்டான். பத்து நிமிசம் நிக்கும். எதுத்தாப்புல இருக்க கடை இன்னும் இருக்கு பாருங்க. போர்டு புதுசா வச்சிருக்கான். எங்க ஊருக்காரரு எவரோ நிக்க மாதிரியும் இருக்கு.

நான் எறங்க மாட்டேன்.

இப்பச் சொல்லுதேன் கேளுங்க, நீங்க மூணுமுக்கு தாண்டிப் போறது ஏன் நல்லதுன்னு. தங்கச்சி மூணுமுக்குல எறங்காதன்னுதான் சொன்னா, டீ குடிக்காதன்னு சொல்லல. மொத ஸ்டாப்புலேருந்து பேசிப் பேசி எனக்குத் தொண்ட காஞ்சு கெடக்கு. ஒரு பொய் கலக்காத கதைய ஓசியிலயா கேட்டுட்டுப் போவிய? எறங்குங்க அண்ணாச்சி. எடது பக்கம் டீக்கடை. வலது பக்கம் திரும்பிப் பாக்காதிய, ஊருக்காரரு யாரு நின்னாலும் பேசாதிய. ஒருவேள பஸ்ஸு அவசரப்பட்டுக் கெளம்பிட்டாலும் கவலப்படாதிய, உங்க பைய நான் பத்திரமாப் பாத்துக்கிடுதேன்.

டீக்குச் சீனி தூக்கலாப் போடச் சொல்லுங்க. வட ரெண்டு.